நாலு நாளா மாத்திரைய நிறுத்தியாச்சு, இப்போ என்ன பண்றது? பழைய வண்ணாரப்பேட்டை தம்பிக்கு பதில்

தம்பிக்கு வணக்கம். உங்க லெட்டர நேத்து ராத்திரி ஓபி முடிச்சு வந்து படிச்சேன், படிச்சதும் தூக்கம் வரல, அதனால மத்த கேள்வியெல்லாம் தள்ளி வெச்சுட்டு உங்களுக்கு தான் முதல்ல எழுதறேன். மத்தவங்களுக்கும் புரியணும்ல, நீங்க எழுதினத சுருக்கமா சொல்லிடறேன்.

தம்பி எம்.சி. ரோடு துணிக்கடைங்களுக்கு குட்டியானை ஓட்டறவர். ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி. வீட்டம்மாவுக்கு 31 வயசு, ஒண்ணாங்கிளாஸ் படிக்கற பையன் இருக்கான். எட்டு மாசம் முன்னாடி லாரி தண்ணி புடிச்சு குடத்தோட மாடி ஏறும்போது ரெண்டாவது மாடியில மயங்கி விழுந்தாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா மூச்சு வாங்குதுன்னு போனா ஒருத்தர் வீசிங்னு சொல்லியிருக்கார், இன்னொருத்தர் ரத்தக்குறைன்னு சத்து மாத்திரை குடுத்திருக்கார். எக்கோ எடுத்து, அப்புறம் கேத் பண்ணி, அதாவது மெல்லிசா ஒரு ட்யூப் விட்டு பிரஷர் அளந்து தான் பல்மனரி ஹைப்பர்டென்ஷன், அதாவது நுரையீரலுக்கு போற ரத்தக்குழாய்ல பிரஷர் ஏறற நோய்னு தெரிஞ்சுது, காரணம் எதுவும் கிடைக்கல. சில்டெனாஃபில் 20 மில்லிகிராம் மூணு வேளை, உடம்புல சேர்ற நீர எறக்கற தண்ணி மாத்திரை ஒண்ணு, மூணு மாசமா அதே நோய்க்கு போசென்டான், மொதல்ல 62.5, இப்போ 125 ரெண்டு வேளை. ரெண்டு வாரமா கால் வீக்கம், தலைவலி, பசியில்ல, படுத்தே கிடக்கறாங்க. போன வாரம் ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னு சொல்ல, உங்கப்பா தன்னோட நெஞ்சு வலிக்கு வெச்சிருக்கற சார்பிட்ரேட்ங்கற நைட்ரேட் வகை மாத்திரைய எடுத்து மருமக நாக்குக்கு அடியில வெச்சிருக்கார், பத்து நிமிஷத்துல வேர்த்து கொட்டி சுருண்டு விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரியில ட்ரிப் ஏத்தி காலையில அனுப்பிட்டாங்க. இதுக்கு நடுவுல மெடிக்கல் ஷாப் பையன் சில்டெனாஃபில் சீட்ட பாத்துட்டு "இது ஆம்பளைங்க மாத்திரையாச்சே, பொம்பளைக்கு இன்னாத்துக்கு"ன்னு சிரிச்சிருக்கான், அது உங்கம்மா காதுல விழுந்து வீட்டுல ஒரே ரகளை, நாலு நாளா சில்டெனாஃபில நிறுத்திட்டீங்க. லோ பிபின்னு உங்கம்மா உப்பு போட்ட மோரும் எலுமிச்ச ஜூஸும் குடுத்துட்டு இருக்காங்க. இதெல்லாம் மருந்தால வர்ற கெடுதியா, மொத்தமா நிறுத்திட்டு கீழாநெல்லி குடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். ஆனா லெட்டரோட கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, "மாலா என் மாத்திரை போட்டுட்டு தான் இருக்கா, ஆனா இந்த மாசம் 12 நாள் தள்ளிப்போயிருக்கு, ஒடம்பு வீக்கா இருக்கறதால இருக்கும்"னு. நான் அங்கருந்து தான் ஆரம்பிக்கணும்.

இன்னைக்கே, இத படிச்ச உடனே, கர்ப்பம் பாக்கற யூரின் கார்டு ஒண்ணு வாங்கி டெஸ்ட் பண்ணுங்க. 12 நாள் தள்ளிப்போனா காலையில முதல் யூரின் தான் வேணும்னு காத்திருக்க தேவையில்ல, எந்த நேரத்துல பண்ணினாலும் தெரியும். ஏன் இவ்ளோ அவசரம்னா, போசென்டான் மாத்திரை மாலா என் மாதிரி கருத்தடை மாத்திரையோட வேகத்த குறைச்சுடும். கல்லீரல்ல மருந்துகள உடைக்கற வேலைய போசென்டான் முடுக்கி விட்டுடும், அதனால மாலா என்ல இருக்கற ஹார்மோன் சீக்கிரமா கரைஞ்சு போயிடும், தினமும் ஒழுங்கா போட்டாலும் பாதுகாப்பு இல்ல. இத போசென்டான் எழுதும்போதே வீட்டம்மாகிட்டயும் உங்ககிட்டயும் உக்கார வெச்சு சொல்லியிருக்கணும், சொல்லலன்னா அது எங்க டாக்டருங்க பக்கத்து தப்பு, உங்க தப்பு கிடையாது. ரெண்டாவது, போசென்டான் வயித்துல இருக்கற குழந்தைக்கு பெரிய குறைய உண்டாக்கக்கூடிய மருந்து, அதனால தான் இத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் அப்புறம் மாசா மாசமும் கர்ப்ப டெஸ்ட் பண்ணணும்னு சொல்றோம். மூணாவது தான் எல்லாத்தையும் விட பெருசு. பல்மனரி ஹைப்பர்டென்ஷன் இருக்கற பொண்ணுக்கு கர்ப்பம் அவங்க உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்துல உடம்புல ரத்தம் பாதி பங்கு கிட்ட கூடுது, ஏற்கனவே திணறிட்டு இருக்கற இதயத்தோட வலது பக்கம் அத தாங்காது. முன்னாடி காலத்து கணக்குல இந்த நோயோட பிரசவம் வரைக்கும் போன பொண்ணுங்கள்ல மூணுல ஒருத்தர் கிட்ட பொழைக்கல, புது மருந்துங்க வந்த பிறகு கொறைஞ்சிருக்கு, ஆனா இன்னமும் எந்த டாக்டரும் தைரியமா சரின்னு சொல்ற அளவுக்கு கொறையல. பிரசவம் முடிஞ்ச முதல் சில நாள், சில வாரம் தான் இன்னும் மோசம்.

கார்டுல ரெண்டு கோடு வந்தா பயந்து போய் மெடிக்கல்ல கலைக்கற கிட் வாங்கி வீட்டுலயே போட்டுடாதீங்க, கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன். உதிரம் ஜாஸ்தி போனா மத்த பொண்ணுங்க தாங்கலாம், உங்க வீட்டம்மா இதயம் தாங்காது. தெரு முனையில இருக்கற சின்ன நர்சிங் ஹோமும் வேண்டாம். இதய டாக்டர், மயக்க டாக்டர், பொம்பளைங்க டாக்டர் மூணு பேரும் ஒண்ணா பாக்கற பெரிய இடத்துல தான் எத செஞ்சாலும் செய்யணும். நீங்க இருக்கற இடத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம், பிரசவத்துக்குன்னே இருக்கற ஆர்எஸ்ஆர்எம்மும் ராயபுரத்துலயே இருக்கு, ரெண்டும் சேர்ந்து பாக்க முடியும். சட்டப்படி 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டரோட கருத்தும் உங்க வீட்டம்மாவோட சம்மதமும் இருந்தா போதும், மாமியார் சம்மதம் வேணாம், உங்க கையெழுத்து கூட கட்டாயம் கிடையாது. முடிவு அவங்களோடது. நீங்க பக்கத்துல இருந்து கைய புடிச்சுக்கோங்க, வீட்டுல யாரும் அந்த பொண்ண குத்தம் சொல்லி பேசாம பாத்துக்கோங்க.

ஒரு கோடு தான் வந்துச்சுன்னா நல்லது, ஆனா ஒரு வாரம் கழிச்சு திரும்ப பண்ணுங்க.

சரி, இப்போ சார்பிட்ரேட். உங்கப்பா மேல கோவப்படாதீங்க தம்பி, அவர் தனக்கு நெஞ்சு வலி வந்தப்போ டாக்டர் சொல்லி குடுத்தத மருமகளுக்கு பாசத்துல செஞ்சிருக்கார். ஆனா அன்னைக்கு ராத்திரி அவங்க சாகாம பொழைச்சது பெரிய விஷயம். உங்க பில்டிங் கீழ சம்ப் இருக்கும்ல, அத நெனச்சுக்கோங்க. ரத்தக்குழாய விரிய வைக்கறதுக்கு நம்ம உடம்பு நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒண்ண உண்டாக்குது, இத கண்டுபிடிச்சதுக்கு தான் 1998ல மூணு பேருக்கு நோபல் பரிசே குடுத்தாங்க. அது சம்புக்கு தண்ணி விடற குழாய் மாதிரி. சம்புல தண்ணி ஏற ஏற ரத்தக்குழாய் விரியும், அளவுக்கு மேல ஏறாம இருக்க கீழ ஒரு வடிகால் இருக்கு. சில்டெனாஃபில் என்ன பண்ணுதுன்னா அந்த வடிகால அடைச்சு வைக்குது, அதனால இருக்கற தண்ணி போகாம நிக்குது, நுரையீரல் குழாய் விரிஞ்சே இருக்கு, அது தான் நமக்கு வேணும். சார்பிட்ரேட் என்ன பண்ணுதுன்னா மேல குழாய முழுசா தொறந்து விடுது. வடிகாலும் அடைச்சு, குழாயும் தொறந்தா என்ன ஆகும்? உடம்புல இருக்கற எல்லா ரத்தக்குழாயும் ஒரே நேரத்துல விரிஞ்சு பிபி தரையில விழுந்துடும். அது தான் நடந்துச்சு.

நான் படிச்சு முடிச்சு வேலைக்கு சேர்ந்த புதுசுல இதே மாதிரி ஒரு அம்மாவ கொண்டு வந்தாங்க, நெஞ்சு வலின்னு தான் சீட்டுல எழுதியிருந்துச்சு, என்ன மாத்திரை போடறாங்கன்னு கேக்காமலே நைட்ரேட் ட்ரிப் போட்டுட்டாங்க, அவங்க வீட்டுக்காரர் பையில இருந்த சில்டெனாஃபில் ஸ்ட்ரிப்ப வெளிய எடுக்க கூச்சப்பட்டுட்டு நின்னார். அந்த அம்மா ரெண்டு நாள் ஐசியூவுல இருந்து தான் மீண்டாங்க. அந்த கூச்சம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது, அதனால தான் உங்களுக்கு இவ்ளோ நீளமா எழுதறேன். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள்ள சார்பிட்ரேட், நாக்குக்கு அடியில அடிக்கற ஸ்ப்ரே, நிக்கோராண்டில்ங்கற நெஞ்சு வலி மாத்திரை எதுவும் கூடாது, சில்டெனாஃபில் மாதிரியே இருக்கற டடலாஃபில்னா 48 மணி நேரம். அதுவும் மூணு வேளையும் போடறவங்களுக்கு அந்த 24 மணி நேரம் முடியவே முடியாது, அதனால எப்பவுமே கூடாதுன்னு வெச்சுக்கோங்க. ஒரு அட்டையில பெருசா தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் "சில்டெனாஃபில் எடுக்கறேன், நைட்ரேட் குடுக்காதீங்க"ன்னு எழுதி அவங்க பர்ஸ்ல ஒண்ணு, ஃபிரிட்ஜ் மேல ஒண்ணு ஒட்டுங்க. 108 வந்தாலும் ஏத்தறதுக்கு முன்னாடி முதல் வார்த்தையா இத சொல்லுங்க. உங்கப்பா மாத்திரை டப்பாவ வேற அலமாரிக்கு மாத்துங்க.

மெடிக்கல் ஷாப் பையன் சிரிச்சான்னு எழுதினீங்களே, அத படிச்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது. மருந்து கதைய உங்கம்மாகிட்ட நேரா சொல்லுங்க. சில்டெனாஃபில மொதல்ல கண்டுபிடிச்சதே நெஞ்சு வலிக்கு மருந்தா இருக்குமான்னு பாக்கத்தான், அதுல சரியா வரல, ஆனா ஆம்பளைங்களுக்கு வேற விதத்துல வேலை செய்யுதுன்னு தெரிஞ்சு 1998ல வயாகரான்னு வித்தாங்க. அதே குழாய விரிக்கற வேலைய நுரையீரல்லயும் செய்யுதுன்னு பாத்து 2005ல இந்த நோய்க்குன்னு தனியா அங்கீகாரம் குடுத்தாங்க. பல்மனரி ஹைப்பர்டென்ஷனோட பொறந்த பச்ச குழந்தைக்கு கூட டாக்டருங்க இத குடுக்கறாங்க. இந்த மருந்து பொம்பளைக்கு ஆகாததுன்னு எந்த புஸ்தகத்துலயும் கிடையாது, இந்த நோயே ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு தான் ஜாஸ்தி வருது. அந்த கடைக்கு போகவே பிடிக்கலன்னா கடைய மாத்துங்க, மாத்திரைய மாத்தாதீங்க.

நாலு நாளா நிறுத்தினது தான் எனக்கு ரெண்டாவது பெரிய பயம். கையில கட்டி பாக்கற பிபி வேற, நுரையீரலுக்கு போற குழாய்ல இருக்கற பிரஷர் வேற. கையில 120க்கு 80னு சொல்றோம்ல, நுரையீரல் குழாய்ல சராசரி 14 கிட்ட தான் இருக்கணும், 20ஐ தாண்டினாலே நோய்னு சொல்றோம். இதயத்தோட வலது பக்கம் மெல்லிசான சதை, லேசான வேலைக்குன்னே படைச்சது. நுரையீரல் குழாய் சுருங்கி சுருங்கி பிரஷர் ஏறும்போது அது மீன்பாடி வண்டியில ரெண்டு மடங்கு லோடு ஏத்திட்டு பேசின் பிரிட்ஜ் ஏத்தத்துல மிதிக்கற மாதிரி திணறுது. மாத்திரை அந்த ஏத்தத்த கொஞ்சம் சமமாக்கி குடுக்குது. திடீர்னு நிறுத்தினா ஏத்தம் ஒரே நாள்ல திரும்ப வந்துடும், சில பேருக்கு முன்ன இருந்தத விட மோசமா. சில்டெனாஃபில் நாலஞ்சு மணி நேரத்துல பாதி கரைஞ்சுடற மருந்து, அதனால தான் மூணு வேளை, ஒரு வேளைய விட்டாலே உடம்புக்கு தெரியும். நாலு நாள் இடைவெளி விட்டதால நீங்களா திரும்ப ஆரம்பிக்காதீங்க, இன்னைக்கே டாக்டர நேர்ல பாருங்க, பிபி பாத்துட்டு அவர் ஆரம்பிச்சு வைப்பார், அனேகமா அதே டோஸ்ல தான் இருக்கும். ஆஸ்பத்திரியில ட்ரிப் ஏத்தி அனுப்பினாங்களே, அங்க இந்த மருந்துங்கள பத்தி யாரும் கேக்கலன்னு எழுதியிருக்கீங்க, இந்த தடவ நீங்களே மேசை மேல எல்லா ஸ்ட்ரிப்பையும் கொட்டிடுங்க.

கால் வீக்கத்துக்கு வர்றேன். இங்க தான் மருந்தா நோயான்னு பிரிச்சு பாக்கறது கஷ்டம், டாக்டருக்கே கஷ்டம். போசென்டான் காலுல நீர் சேர்க்கும், அது நிஜம். அதே வீக்கம் வலது பக்க இதயம் சோர்ந்து போனாலும் வரும், அதுக்கு தான் நாங்க பயப்படறோம். மூணாவதா உப்பு. உங்கம்மா லோ பிபின்னு உப்பு மோர் குடுக்கறாங்களே, மத்த வீட்டுல வெயில்ல மயங்கினவங்களுக்கு அது சரி, உங்க வீட்டம்மாவுக்கு அந்த உப்பு நேரா கால்ல போய் தண்ணியா நிக்குது, வயித்துலயும் நிக்கும், பசியில்லாம போறதுக்கு அதுவும் ஒரு காரணம், குடலும் கல்லீரலும் நீர்ல ஊறி கிடக்கும்போது சாப்பாடு எறங்காது. நம்ம பக்கம் கருவாடு இல்லாம வாரம் போகாது, எனக்கு தெரியும், நானும் இந்த பக்கத்துல வளர்ந்தவ தான், காசிமேட்டு நெத்திலி கருவாடும் பழைய சோறும்னா எனக்கும் உசுரு. ஆனா அவங்க தட்டுல கருவாடு, அப்பளம், ஊறுகா, சிப்ஸ் பாக்கெட் வேணாம். ஒரு நாளைக்கு மொத்தமா ஒரு டீஸ்பூன் உப்புக்கு கீழ. மீன் சாப்பிடலாம், பச்ச மீன், குழம்புல உப்பு கம்மியா. ஒரு எடை மெஷின் வாங்குங்க, தினமும் காலையில பாத்ரூம் போயிட்டு வந்து காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி எடை பாத்து காலண்டர்ல எழுதுங்க, ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறிச்சுன்னா அது சதையில்ல தண்ணி, அன்னைக்கே போன் பண்ணுங்க. தண்ணி மாத்திரை டோஸ டாக்டர் தான் ஏத்தணும், நீங்களா ரெண்டா போடாதீங்க, பொட்டாசியம் அளவு கெட்டு இதய துடிப்பு தாறுமாறா போகும். இன்னைக்கு பாக்கற டாக்டர்கிட்ட எக்கோவும், பிஎன்பின்னு ஒரு ரத்த டெஸ்டும் கேளுங்க, இதயம் சோர்ந்ததால வந்த வீக்கமான்னு அதுல ஓரளவுக்கு தெரிஞ்சிடும்.

பசியில்ல, படுத்தே கிடக்கறாங்கன்னு சொன்னீங்க. உப்பு, நீர் ஒரு பக்கம் இருக்க, போசென்டான் கல்லீரல தொந்தரவு பண்ணுதான்னும் பாக்கணும். பத்துல ஒருத்தருக்கு கிட்ட கல்லீரல் கெடுதிய காட்டற எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அளவு ரத்தத்துல மூணு மடங்குக்கு மேல ஏறும், அதுல நெறைய பேருக்கு வெளிய ஒண்ணுமே தெரியாது, அதனால தான் மாசா மாசம் எல்எஃப்டிங்கற கல்லீரல் ரத்த டெஸ்ட் பண்ணியே ஆகணும். மூணு மாசம் ஆச்சே, மூணு ரிப்போர்ட் உங்ககிட்ட இருக்கணும், நீங்க ஒண்ணு கூட அனுப்பல. பண்ணலன்னா இன்னைக்கு பண்ணுங்க. மூணு மடங்கு தாண்டினா டோஸ குறைப்பாங்க இல்லன்னா கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சு பாப்பாங்க, எட்டு மடங்கு தாண்டினா போசென்டான் பக்கமே திரும்ப போகக்கூடாது. கண்ணு மஞ்சளாச்சு, யூரின் டீ கலர்ல போகுதுன்னா ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி. போசென்டான் ஒத்துக்கலன்னா உலகம் முடிஞ்சுடல, ஆம்ப்ரிசென்டான், மாசிடென்டான்னு அதே குடும்பத்துல வேற மருந்து இருக்கு, கல்லீரல அவ்ளோ படுத்தாது, ஆனா ஆம்ப்ரிசென்டான்ல கால் வீக்கம் இன்னும் ஜாஸ்தியா வரலாம், வயித்துல குழந்தைக்கு ஆகாதுங்கறது மூணுக்கும் பொது. ஹீமோகுளோபினும் இந்த மருந்துல ஒரு கிராம் கிட்ட எறங்கும், ஏற்கனவே ரத்தக்குறைன்னு சொல்லப்பட்டவங்க, அதையும் சேர்த்து பாக்க சொல்லுங்க.

கீழாநெல்லி பத்தி. எங்க பாட்டி மஞ்சக்காமாலைக்கு மோர்ல அரைச்சு குடுத்தவங்க, நான் அத எளக்காரமா பேச மாட்டேன். ஆனா இங்க கல்லீரல் டெஸ்ட் ஏறினா அது மருந்தாலயா, நீர் தேங்கினதாலயா, வேற எதாலயான்னு எங்களுக்கு தெரியணும், நடுவுல இன்னொன்ன கலந்து குடுத்தா அந்த கணக்கு குழம்பி போயிடும், அந்த குழப்பத்துல ஒரு மாசம் போச்சுன்னா திரும்ப புடிக்க முடியாது. லேகியம், பஸ்பம்னு விக்கறதுல என்ன கலந்திருக்குன்னே தெரியாது. அதனால இப்போதைக்கு வேணாம்.

தலைவலி தான் இருக்கறதுலயே சின்ன விஷயம். சில்டெனாஃபில் மண்டைக்குள்ள இருக்கற குழாயையும் விரிக்கறதால வருது, மூஞ்சி செவக்கறது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், சில சமயம் மூக்குல ரத்தம் இதெல்லாமும் அதே கணக்கு தான், முக்கால்வாசி பேருக்கு சில வாரத்துல தணிஞ்சுடும். பாராசிட்டமால் போடலாம், அதுவும் எல்எஃப்டி பாத்துட்டு அளவா. பக்கத்து கிளினிக்ல போய் வலி ஊசி போட்டுக்கறது, டைக்லோஃபெனாக், காம்பிஃபிளாம் மாதிரி போடறது கூடாது, அது கிட்னிய புடிச்சு நீர இன்னும் தேக்கும், இந்த வீக்கத்துக்கு நடுவுல அது ரொம்ப கெடுதி. மூக்கடைப்புக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கற சளி மாத்திரையும் கேக்காம போடாதீங்க, அதுல ரத்தக்குழாய சுருக்கற மருந்து இருக்கும். ஒரு கண்ணுல திடீர்னு பார்வ போனா, ஒரு காதுல திடீர்னு கேக்காம போனா, அது ரொம்ப அபூர்வம் தான், ஆனா அன்னைக்கே காட்டணும்.

நம்ம பக்கத்துல டிபி ஜாஸ்தி, அதனால இதையும் சொல்லி வெக்கறேன். நாளைக்கு இருமல், சளின்னு போய் யாராவது டிபி மருந்து ஆரம்பிச்சா, அதுல இருக்கற ரிஃபாம்பிசின், போசென்டானையும் சில்டெனாஃபிலையும் உடம்புல நிக்க விடாம உடைச்சு தள்ளிடும், கல்லீரலுக்கும் ரெட்ட பாரம். டிபி மருந்தே கூடாதுன்னு அர்த்தம் இல்ல, ரெண்டு டாக்டரும் பேசி டோஸ் மாத்தணும். சுகர் வந்தா கிளிபென்கிளமைடு மாத்திரை போசென்டானோட சேரவே சேராது. இந்த போசென்டானும் சில்டெனாஃபிலும் கூட ஒண்ணு மேல ஒண்ணு கை வைக்கும், போசென்டான் சில்டெனாஃபில் அளவ குறைக்கும், சில்டெனாஃபில் போசென்டான் அளவ ஏத்தும், சேர்த்து குடுக்கறது தப்பில்ல, ஆனா அதனால தான் டோஸ் ஏத்தறதுக்கு அப்புறம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டு பாக்கணும்னு சொல்றோம். உங்க வீட்டம்மாவுக்கு தொந்தரவெல்லாம் 125க்கு ஏத்தின பிறகு தான் ஆரம்பிச்சுதான்னு தேதி பாத்து சொல்லுங்க, டாக்டருக்கு அது பெரிய துப்பு. காசு கம்மியாகும்னு 100 மில்லிகிராம் மாத்திரைய வாங்கி நாலா உடைச்சு போடறவங்களும் இருக்காங்க, ஒரு துண்டு பெருசு ஒரு துண்டு சின்னதுன்னு ஆகும், அத பண்ணாதீங்க, காசு கஷ்டம்னா கூச்சப்படாம டாக்டர்கிட்டயே சொல்லுங்க, அரசு ஆஸ்பத்திரி ஓபியில எழுதி வாங்க வழி இருக்கான்னு அவங்க பாப்பாங்க.

இனிமே கருத்தடைக்கு மாலா என் வேணாம். போசென்டான் அத கெடுக்குதுங்கறது ஒரு பக்கம், அதுல இருக்கற ஈஸ்ட்ரோஜன் ரத்தத்த கட்டியாக்கும், இந்த நோயில அது வேண்டாத வம்பு. காப்பர் டி போடலாம், ஆனா போடற நேரத்துல சில பேருக்கு மயக்கம் வந்து பிபி எறங்கும், இவங்களுக்கு அது ஆபத்து, அதனால ஆஸ்பத்திரியில இதய டாக்டருக்கு தெரிஞ்சு தான் போடணும். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன அவங்களுக்கு பண்ணறது மயக்க மருந்தால கஷ்டம். அதனால தம்பி, நேரா சொல்றேன், உங்களுக்கு ஒரு பையன் இருக்கான், ரெண்டு பேருக்கும் இதோட போதும்னு மனசு ஒத்து வந்தா நீங்க பண்ணிக்கலாம். கத்தி படாம பத்து இருவது நிமிஷத்துல முடியறது, ரெண்டு நாள்ல வண்டி ஓட்டலாம், ஆம்பளத்தனத்துக்கு ஒண்ணும் ஆகாது. மூணு மாசம் கழிச்சு விந்து டெஸ்ட் பண்ணி ஜீரோன்னு வர்ற வரைக்கும் ஆணுறை கட்டாயம். மூணாவது மாடிக்கு தண்ணி தூக்கறதையும் நீங்க தான் பாத்துக்கணும், அத நான் சொல்ல வேண்டியதில்ல, மயங்கி விழுந்த அன்னைக்கே பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க.

ஒண்ணு டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, நுரையீரலுக்கு காத்தும் ரத்தமும் ஒழுங்கா போகுதான்னு பாக்கற விக்யூ ஸ்கேன் பண்ணியாச்சான்னு. நுரையீரல்ல பழைய ரத்தக்கட்டி உறைஞ்சு போய் இதே நோய் வர்ற வகை ஒண்ணு இருக்கு, அது மட்டும் ஆபரேஷன்ல கிட்டத்தட்ட குணமாகக்கூடியது, அதனால அது இல்லன்னு உறுதி பண்ணிட்டு தான் வாழ்நாள் மாத்திரைன்னு முடிவெடுக்கணும். உங்க லெட்டர்ல கேத், எக்கோ இருக்கு, இது இல்ல. பண்ணியிருந்தா நல்லது.

இந்த நோய் போயே போயிடும்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா பொய். ஆனா மருந்து ஒழுங்கா போய், டெஸ்ட் ஒழுங்கா பண்ணி, வருஷக்கணக்கா பையன ஸ்கூலுக்கு கூட்டிட்டு போயிட்டு சமைச்சுட்டு இருக்கற பொண்ணுங்கள நான் வாராவாரம் பாக்கறேன். அவங்க எல்லாருக்கும் நடுவுல எப்பயாவது கால் வீங்கியிருக்கு, எஸ்ஜிபிடி ஏறியிருக்கு, மாத்திரை மாறியிருக்கு.

இப்போ போனை வெச்சுட்டு யூரின் கார்டு வாங்க போங்க. ரிசல்ட் எதுவா இருந்தாலும், எல்லா ஸ்ட்ரிப், கேத் ரிப்போர்ட், எக்கோ, போன வார டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுட்டு, பையன உங்கம்மாகிட்ட விட்டுட்டு, அவங்கள நடக்க விடாம கீழ வரைக்கும் மெதுவா இறக்கி ஆட்டோ புடிச்சு, கேத் பண்ணின ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போங்க, அங்க போக முடியலன்னா ஸ்டான்லி எமர்ஜென்சி. மூச்சு இப்போவே ஜாஸ்தி வாங்குது, உதடு நீலமாகுது, திரும்ப மயக்கம் வருதுன்னா ஆட்டோ வேணாம், 108. ரெண்டு கோடு வந்துச்சுன்னா போசென்டான அடுத்த வேளை போடறதுக்கு முன்னாடி டாக்டர் முன்னாடி இருக்கணும். பாத்துட்டு வந்து எனக்கு என்னன்னு எழுதுங்க தம்பி, எல்எஃப்டி ரிப்போர்ட்டயும் சேர்த்து அனுப்புங்க.